அப்பாவுக்குத் தெரிந்த ‘கியூர்’

அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு நூறு சொற்கள் தெரிந்திருந்தால் அதிகம். அதில் முக்கால்வாசி கட்டுமானத் தளத்துச் சொற்கள். ஸ்லாப், பீம், காலம், லெவல், ஹேக்கிங், கியூரிங். பதினான்கு வயதில் தாத்தாவோடு ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர், கல் மண் சுமந்து, கம்பி கட்டி, கடைசியில் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றார். படிக்கவில்லையே என்ற குறை அவருக்கு உண்டு. அதனால்தான் என்னைப் படிக்க வைத்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, அவருக்கு மிக முக்கியமான ஒரு நாளில், ஒரு வாக்கியத்தை நான் தப்பாக மொழிபெயர்த்தேன்.

2015இல் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காப்பிக் கோப்பை தட்டில் தாளம் போட்டது. பிறகு சட்டைப் பொத்தான். பலதுறை மருந்தகத்திலிருந்து நிபுணரிடம் அனுப்பினார்கள். சின்ன வயது டாக்டர், பொறுமையான பெண். விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பின்னாலிருந்து தோளை இழுத்துப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தேர் இஸ் நோ கியூர், பட் இட் இஸ் வெரி ட்ரீட்டபிள்” என்றார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

“மருந்து இருக்காம்ப்பா. குணமாயிடுமாம்.”

முதல் பாதியை விழுங்கிவிட்டேன். இரண்டாம் பாதிக்கு, கையில் அகப்பட்ட முதல் சொல்லை எடுத்துப் போட்டேன். இரக்கத்தால் பொய் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்த நேரத்தில் ‘ட்ரீட்டபிள்’ என்பதற்கு எனக்குத் தமிழ் வரவில்லை.

இத்தனைக்கும் நான் தமிழ் ஆசிரியை. அப்போது பள்ளிகளில் ரிலீஃப் டீச்சராக இருந்தேன், மாலையில் ரெமிடியல் வகுப்பும் எடுத்தேன். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது, என் வேலையின் இரண்டு பெயருமே வைத்தியத்துக்குரிய சொற்கள். ரிலீஃப் என்றால் இலத்தீனில் தூக்கிவிடுவது, பாரத்தை லேசாக்குவது. வலி குறைவதும் அதுதான், வெள்ளத்துக்கு அரிசி கொடுப்பதும் அதுதான், லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாக நான் போய் நிற்பதும் அதுதான். தமிழிலும் நிவாரணம் என்ற சொல் வலிக்கும் வெள்ளத்துக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னை யாரும் நிவாரண ஆசிரியை என்று கூப்பிட்டதில்லை. ரெமிடியல் என்பது ரெமிடியிலிருந்து வந்தது. மெடிசின் பிறந்த அதே வேர். இங்கே வளர்ந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ரெமிடி என்ற சொல் முதலில் அறிமுகமாவதே, பள்ளி விட்டபிறகு தனியாக உட்கார வைக்கப்படும் தண்டனையாகத்தான்.

அந்த ரெமிடியல் வகுப்பில் ஒருமுறை ஒரு பையன், “என் காய்ச்சல் ஆறிவிட்டது” என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு ‘விட்டது’ என்று எழுதினேன். “ஏன் டீச்சர், புண் ஆறும்னா காய்ச்சல் ஆறாதா? ரெண்டும் சூடுதானே?” என்றான். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

புண் ஆறும். காய்ச்சல் விடும். தலைவலி நிற்கும். வீக்கம் வடியும், கட்டி உடையும். ஒடிந்த எலும்பு கூடும். மயக்கம் தெளியும். பித்தம் தணியும். அம்மை இறங்கும். விஷமும் இறங்கும், ஆனால் அது வேறு மாதிரி இறக்கம். சுளுக்கு தானாகப் போகாது, யாராவது எடுக்க வேண்டும். இந்த ஒவ்வொரு வினைச்சொல்லுக்குள்ளும் அந்த நோயைப் பார்த்த ஒரு கண் இருக்கிறது. காய்ச்சல் நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் விடுகிறது. அம்மை மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறாள், அதனால் இறங்குகிறாள். புண்ணோ காப்பி மாதிரி. தேக்கா சந்தையில் தே தாரிக் என்று தேநீரை இழுத்து ஆற்றுகிறவரின் கையைப் பார்த்திருப்பீர்களே, அதே வினைதான் காயத்துக்கும் மனசுக்கும். ஆற்றினால் ஆறும். ஆறுகிறவரை காத்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்த வேலை முழுவதையும் நாலைந்து சொற்கள் பார்த்துக்கொள்கின்றன. அதனால் ஆங்கிலம் ஏழை என்று சொல்ல மாட்டேன். நாம் நோயைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிறோம். அவர்கள் யார் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்து மாற்றுகிறார்கள். ட்ரீட் என்பது டாக்டர் செய்வது. பலன் உண்டா இல்லையா என்று அந்தச் சொல் வாய் திறக்காது. நோயாளி இறந்தே போனாலும் ட்ரீட் செய்தது செய்ததுதான். கியூர் என்பது நோய் இருந்த சுவடில்லாமல் போவது. ஹீல் பெரும்பாலும் உடம்பு தானே செய்துகொள்வது. காயம் ஹீல் ஆகும், எலும்பு ஹீல் ஆகும், பிரிந்த உறவும் ஆகும், ஆனால் சளிக்கும் மலேரியாவுக்கும் அந்தச் சொல்லைப் போட்டால் ஆங்கிலக் காதுக்கு இடறும். என் மாணவனின் ‘ஆறிய காய்ச்சல்’ எனக்கு இடறியது போல.

ஹீல் என்ற சொல்லின் பழைய வேர் ‘முழுமை’. ஹோல், ஹெல்த், ஹோலி எல்லாம் ஒரே குடும்பம். உடைந்தது முழுசாவதுதான் ஹீல். இதைப் படித்தபோது எங்கள் மாடியில் இருந்த ஒரு மூதாட்டி நினைவுக்கு வந்தார். பழைய வேதாகமத் தமிழில் பேசுவார். காய்ச்சல் விட்டால் ‘சொஸ்தமாயிட்டேன்’ என்பார். நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். வடமொழியில் அதை ஸ்வஸ்த என்பார்கள். தன்னில் தான் நிலைத்து நிற்பது என்று பொருள். நாம் சொல்லும் குணமும் அப்படித்தான். குணம் என்றால் இயல்பு. குணமாகிவிட்டது என்றால் பழைய இயல்புக்குத் திரும்பிவிட்டது. ஆகவே ‘குணமாயிடுமாம்ப்பா’ என்று நான் சொன்னதை அப்பா எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பழைய கை திரும்பி வந்துவிடும் என்று.

அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மாத்திரைப் பட்டையைத் தூக்கிக்காட்டி, “இன்னும் எத்தன அட்டை பாப்பா?” என்று கேட்டார். ஆறு மாதம் கழித்தும் கேட்டார். நான் டாக்டரைச் சாக்குச் சொன்னேன், சிரித்து மழுப்பினேன்.

நடுக்கத்துக்கு உரிய வினைச்சொல் ‘அடங்கும்’. அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். “நோய் போகாதுப்பா, நடுக்கம் அடங்கும்.” இவ்வளவுதான் அந்த டாக்டர் சொன்னது. வள்ளுவர்கூட இங்கே ஜாக்கிரதையாக இருக்கிறார். ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்’ என்று நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கும் குறளில், நோயை ஒழிக்கும் வழி என்று அவர் சொல்லவில்லை, தணிக்கும் வழி என்கிறார். அதற்கு இரண்டு குறள் தள்ளி, அதே அதிகாரத்தின் கடைசியில், மருத்துவம் என்பது நாலும் சேர்ந்த சமாசாரம் என்கிறார்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். உற்றவன் என்றால் துன்பம் உற்றவன். இலத்தீனிலிருந்து வந்த பேஷண்ட் என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான், துன்பப்படுகிறவர். உழைச்செல்வான் என்றால் பக்கத்திலேயே இருப்பவன். இன்று மருத்துவமனைப் படிவங்களில் பராமரிப்பாளர் என்று அச்சடித்திருக்கும் கட்டத்தில் நான் என் பெயரை எழுதுகிறேனே, அவன். சொல்லை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உழைச்செல்வானின் வேலை என்று வள்ளுவர் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைத்திருப்பார்.

அம்மாவின் கதை வேறு. அவருக்கு ரத்த அழுத்தம். ஒருநாள் நான் கூட வர முடியாமல் தனியாகப் போனார். தாதி வழக்கம்போல, “எனி ட்ரக் அலர்ஜி?” என்று கேட்டிருக்கிறார். ட்ரக் என்ற சொல் இந்த ஊரில் நாளிதழிலும் சுவரொட்டியிலும் எந்த அர்த்தத்தில் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். 1973இல் இயற்றிய போதைப்பொருள் சட்டத்தில் 1975இல் மரண தண்டனை சேர்ந்ததிலிருந்து, அரை நூற்றாண்டாக அந்தச் சொல்லுக்குத் தூக்குக் கயிற்றின் நிழல் விழுந்திருக்கிறது. அம்மா வீட்டுக்கு வந்து கொதித்தார். “என்னயப் பாத்தா அப்படியா இருக்கு? நா அதெல்லாம் கண்ணால கண்டதில்லன்னு சொல்லிட்டு வந்தேன்.” அப்பா நடுங்கும் கையால் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “அந்த மிஸ்ஸி என்ன சொன்னுச்சு?” நர்ஸை மிஸ்ஸி என்று கூப்பிடும் கடைசித் தலைமுறை அவர்.

சிரிப்பு அடங்கியபிறகு யோசித்தால், நம் ‘மருந்து’ மட்டும் என்ன சாதுவா? ஊரில் ஒருவன் ‘மருந்தக் குடிச்சிட்டான்’ என்றால் கூட்டம் ஓடிவரும். பூச்சிமருந்து. ‘அவளுக்கு மருந்து வச்சிட்டாங்க’ என்றால் வசியம். வேட்டுக்குள் இருப்பதும் மருந்து. நம் புளோக்கின் கீழே புகை அடித்துக்கொண்டு போகிறார்களே, அதையும் கொசு மருந்து என்றுதான் சொல்கிறோம். கிரேக்கர்கள் மருந்துக்கும் நஞ்சுக்கும் ஃபார்மகான் என்று ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். ஃபார்மசி என்ற பெயர்ப்பலகை அதிலிருந்து வந்ததுதான்.

இந்த இரட்டைமுகத்தை எங்கள் வீட்டிலேயே ஒருமுறை பார்த்தோம். ஊரிலிருந்து அத்தை மகன் வந்தபோது ஒரு பாட்டில் பொடி கொண்டு வந்தான். “பூனைக்காலி வித மாமா. நாட்டு மருந்து. நடுக்கத்துக்குக் கைகண்டது. பக்கவிளைவே கெடையாது.” பாட்டிலில் ஆங்கிலத்தில் நேச்சுரல் ரெமிடி என்று ஒட்டியிருந்தது. ரெமிடி என்ற சொல்லைக் கேட்டாலே யாருக்கும் பயம் வருவதில்லை. பாட்டி கைப்பக்குவம், சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அப்பா ஆசையாக இரண்டு வேளை பாலில் கலக்கிக் குடித்தார். மூன்றாம் நாள் தலையும் தோளும் கொடி ஆடுவது போல ஆடத் தொடங்கின. அது நடுக்கம் இல்லை, வேறு அசைவு. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மருந்தாளரிடம் ஓடினேன். அவர் லேபிளைப் படித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அப்பா சாப்பிடும் மாத்திரையிலும் லெவோடோபாதான். அளவு ஏறிப்போயிருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் இரண்டையும் சேர்க்கக்கூடாது.

ஒரே பொருள். விதைக்குள் இருக்கும்போது ரெமிடி, அட்டையில் வரும்போது ட்ரக். பேரைப் பார்த்து ஒன்றை நம்பினோம், இன்னொன்றுக்குப் பயந்தோம். அத்தை மகன் சொன்ன ‘கைகண்டது’ ஒன்றும் பொய்யில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் மருந்துதான். அளவு தெரியாததுதான் வம்பு.

(கைமாறாக அவன் ஊருக்குத் திரும்பும்போது பெட்டி நிறையக் கோடாலித் தைலம் கொடுத்தனுப்பினோம். 1928இலிருந்து இந்த ஊரில் தயாராகும் சரக்கு. சிங்கப்பூர்ப் பெட்டியில் அது இல்லையென்றால் ஊரில் சொந்தமே அறுந்துவிடும். தலைவலிக்கு, வயிற்றுவலிக்கு, பூச்சிக்கடிக்கு, பஸ்ஸில் குமட்டலுக்கு என்று சர்வரோக நிவாரணி. பனேசியா என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு, கிரேக்க மருத்துவக் கடவுளின் மகள் பெயர். எங்கள் ஊரில் அவள் ஒரு கோடாலியைப் பிடித்துக்கொண்டு சின்னக் கண்ணாடிப் புட்டியில் இருக்கிறாள்.)

அந்தப் பூனைக்காலி விவகாரத்துக்குப் பிறகு டாக்டரைப் பார்க்கப் போனபோது, அவர் திரும்பவும் அந்தச் சொல்லைச் சொன்னார். லெவோடோபா கியூர் இல்லை, மூளையில் குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும், அவ்வளவுதான் என்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்க்கத் தயாரானேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“கியூர் இல்லங்குறாங்க. அதானே?”

எனக்கு வியர்த்துவிட்டது.

“மொத நாளே சொன்னாங்களே. எனக்குக் கேட்டுச்சு. கியூர் தெரியாதா எனக்கு? எத்தன ஸ்லாபுக்குக் கியூர் போட்டிருக்கேன்.”

வீடு வரும் வழியில் அவர் சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன். கான்கிரீட் காய்வதால் இறுகுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பு. காய்ந்தால் வெடிக்கும். சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும், அதனால் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாக்கை நனைத்துப் போர்த்த வேண்டும், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், குறைந்தது ஏழு நாள். வெயில் நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் திரும்பி வந்து பார்த்தால் சாக்கு காய்ந்திருக்கும், மறுபடி ஊற்ற வேண்டும். ஸ்லாபோடு சேர்த்தே வைத்து நனைத்த கனசதுரக் கட்டியை இருபத்தெட்டாம் நாள் உடைத்துப் பார்த்தால் யார் தண்ணீர் ஊற்றினான், யார் ஏமாற்றினான் என்று தெரிந்துவிடும். “அதுக்குப் பேரு கியூர். எனக்கு அது இல்லன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப, என்னடா, நம்மளக் காயப் போட்டுருவாங்க போலருக்கேன்னு நெனச்சேன். நீ குணமாயிடும்னே. சரி, புள்ள நமக்காகச் சொல்லுதுன்னு விட்டுட்டேன்.”

“அப்புறம் ஏன்ப்பா எத்தன அட்டைன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க?”

“நீ எப்பச் சொல்லுவேன்னுதான்.”

வீட்டுக்கு வந்து அகராதியைப் பிரித்தேன். கியூர் என்ற சொல் இலத்தீனில் கூரா. அதற்கு நோயைப் போக்குவது முதற்பொருள் இல்லை. பார்த்துக்கொள்வது, கவனிப்பு, அக்கறை. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பார்த்துக்கொள்பவர் கியூரேட்டர். தேவாலயத்தில் ஆன்மாக்களைப் பார்த்துக்கொள்ளும் பாதிரியார் கியூரேட். கையைப் பார்த்துக்கொள்வது மேனிக்கியூர், அடுக்குமாடிக் கடைத்தொகுதிகளில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்களே அதுதான். கவலை இல்லாமல் இருப்பது செக்கியூர். இறைச்சியையும் மீனையும் உப்பிட்டுக் கெடாமல் பார்த்துக்கொள்வதும் கியூர், ஆகவே கருவாடும் ஒரு வகையில் குணமான மீன். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் கேர் என்ற சொல் கூராவுக்கு உறவே கிடையாது. பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். கேர் வேறு வீட்டில் பிறந்தது. அதன் பழைய பொருள் துக்கம், மனவேதனை.

அப்பா தளத்தில் கற்றுக்கொண்ட கியூர்தான் அந்தச் சொல்லின் அசல் அர்த்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. டாக்டர் சொன்னதும், நான் பயந்ததும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பொருள்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் டாக்டர் ‘மேனேஜ்’ என்று சொல்லும்போது ‘சமாளிக்கலாம்ப்பா’ என்கிறேன். உடனே தலையாட்டுவார். அந்தச் சொல்லுக்கு அவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. மேனேஜுக்கும் ட்ரீட்டுக்கும் பழைய பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், கையாள்வது. கைராசிக்கார டாக்டர் என்று நம்மவர்கள் தேடிப் போவதும் சும்மா இல்லை போலிருக்கிறது.

இப்போது மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாக. பருப்பும் மீனும் முட்டையும் வயிற்றில் இருந்தால் அது மருந்தைச் சரியாக ஏறவிடாது. மருந்து வேலை செய்யும் நேரத்தை ஆன் என்றும், தீர்ந்து உடம்பு கட்டிக்கொள்ளும் நேரத்தை ஆஃப் என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்பா ‘கரண்ட் போச்சு’ என்கிறார். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் மருத்துவச் சொல்.

எதிரே புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. மாலையில் கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து அவரைச் சன்னலோரம் உட்கார வைப்பேன். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைச் சுருக்கி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாகப் போட்ட தளத்தின்மேல் மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஓர் ஆள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வெள்ளையாக எதையோ தெளித்தபடி நடந்தார்.

“சாக்கு எதையும் காணமேப்பா?”

“இப்பல்லாம் யாரு சாக்கு போடுறா? கியூரிங் காம்பவுண்டு வந்துருச்சு. ஒருதரம் அடிச்சாப் போதும், மேல தோலு மாதிரி மூடிக்கும். ஈரம் வெளிய போவாது.” கோப்பைக்காக இடது கையை நீட்டினார். “நாங்க அத மருந்துன்னுதான் சொல்லுவோம்.”